பையன் ஏன் படுத்திருந்தான்?

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 44. ராயபுரத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் பாக்ஸிங் என்றால் உயிர். பதினைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பழைய சண்டைகளை டிவியில் போட்டுப் பார்த்து வாதாடுவோம். அவர் முகமது அலி கட்சி, நான் மைக் டைசன் கட்சி. இருவரும் நல்ல ஃபார்மில் இருந்தபோது மோதியிருந்தால் டைசன் இரண்டு ரவுண்டில் முடித்திருப்பார் என்பது என் வாதம். ஆதாரமும் இருக்கிறது. 1981-ல் அலியை ஜெயித்தவர் டிரெவர் பெர்பிக். அதே பெர்பிக்கை 1986-ல் டைசன் இரண்டாவது ரவுண்டிலேயே படுக்க வைத்தார். இதற்கு மச்சானிடம் பதில் இல்லை. 'அலி தாங்குவார்' என்றே திருப்பித் திருப்பிச் சொல்வார்.

இரண்டு மாதத்துக்கு முன் வாக்குவாதம் முற்றிவிட்டது. தோற்கப்போவது தெரிந்ததும் மச்சான், 'டிவி சத்தத்தக் குறைங்க, பையன் பயிற்சி ஸ்பாரிங்ல அடிபட்டு தலைவலின்னு உள்ள படுத்திருக்கான்' என்று பேச்சை மாற்றினார். (என் மகன் ஒன்பதாவது படிக்கிறான், ஒரு வருடமாக பாக்ஸிங் போகிறான். நன்றாகத் தாங்குவான்.) 'தோத்தா ஒத்துக்கோங்க, சாக்கு சொல்லாதீங்க' என்றேன். எழுந்து போனவர் இன்றுவரை பேசவில்லை. அடுத்த மாதம் அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மனைவியை மட்டும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். பாக்ஸிங் தெரிந்த நீங்கள், யார் ஜெயித்திருப்பார்கள் என்று எழுதினால் அதைக் காட்டிப் பிரச்சினையை முடித்துவிடுவேன்.

— பெயர் வேண்டாம், ராயபுரம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் பெர்பிக்குக்கு ஆண்டு இருக்கிறது, ரவுண்டு இருக்கிறது, யாரை ஜெயித்தார், யாரிடம் தோற்றார் எல்லாம் இருக்கிறது. பெற்ற பிள்ளை அடைப்புக்குறிக்குள் இருக்கிறான்.

மச்சான் கோபத்தை அப்புறம் பார்க்கலாம். அன்றைக்குப் பையனுக்குத் தலைவலி என்பது மச்சானுக்கு எப்படித் தெரிந்தது? வீடு உங்களுடையது, அவர் சாப்பிட வந்தவர். அடிபட்டதும் தலை வலிக்கிறது என்று பையன் அவரிடம் சொல்லியிருக்கிறான், இல்லையென்றால் அவர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டில் எது நடந்திருந்தாலும் நீங்கள் தலை குனிய வேண்டும். பதினாலு வயசுப் பிள்ளை வலியை மாமனிடம் சொல்கிறான், அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன்? 'நன்றாகத் தாங்குவான்' என்று எனக்கே எழுதுகிற நீங்கள், அவன் காதுபட எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? அப்படிப் பெயர் வாங்கின பிள்ளை வலிக்குதுன்னு எப்படி வாயைத் திறப்பான்?

மாமன் சொன்னதையும் நீங்கள் சாக்கு என்று தள்ளிவிட்டீர்கள். சத்தத்தையாவது குறைத்தீர்களா? கடிதத்தில் இல்லை. தலைவலி எத்தனை நாள் இருந்தது, வாந்தி எடுத்தானா, வெளிச்சம் பார்த்தால் கண் கூசியதா, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தானா, அடுத்த வாரமே மறுபடி கிளவுஸ் மாட்டிக்கொண்டு போனானா, எதுவும் இல்லை. போயிருப்பான் என்றுதான் எனக்குப் படுகிறது. தடுக்க வேண்டியவர் பெர்பிக் வீடியோ தேடிக்கொண்டிருந்தாரே.

தலையில் விழுகிற குத்து வெளியே தெரிய வேண்டும் என்றில்லை. மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ளே குலுங்குவதை நிறுத்தாது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், வளர்கிற பிள்ளைகளுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் டாக்டர் பார்த்து 'போகலாம்' என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. பயிற்சி கொடுக்கிற மாஸ்டரிடம் இதை நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், பையனிடம் சொல்லி அனுப்பாதீர்கள். ராயபுரத்தில் இருந்துகொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். இதழ் கைக்கு வர நாளாகும் என்பதால் இந்தப் பத்தியை மட்டும் உங்கள் முகவரிக்குத் தனியாகத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். இதற்குள் போயிருந்தால் சரி. போகவில்லை என்றால் மேலே படிக்காதீர்கள், எழுந்திருங்கள்.

இனி உங்கள் ஆராய்ச்சி. சார்பட்டா பரம்பரையா, இடியாப்ப நாயக்கர் பரம்பரையா என்று பாக்ஸிங் கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்ட வடசென்னையில், அலியா டைசனா என்று ரெண்டு பேர் பேசாமல் இருப்பது அதிசயமில்லை. ஆனால் ஆதாரம் என்று ஒன்றை நீட்டுகிறீர்களே, அதை நானும் கொஞ்சம் குத்திப் பார்க்கிறேன்.

உங்கள் கணக்கு இதுதான்: பெர்பிக் அலியை ஜெயித்தார், டைசன் பெர்பிக்கை ஜெயித்தார், ஆகவே டைசன் அலியை ஜெயிப்பார். இதே கணக்கை 1974-க்குப் போடுங்கள். ஜோ ஃப்ரேஸியர் 1971-ல் அலியை ஜெயித்தவர். அவரை ஜார்ஜ் ஃபோர்மேன் 1973-ல் ஜமைக்காவில் இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளினார். கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தவர். அவரையும் ஃபோர்மேன் இரண்டு ரவுண்டில் முடித்தார். உங்கள் கணக்குப்படி அலி ஃபோர்மேன் முன்னால் ஒரு ரவுண்டு நிற்கக் கூடாது. ஆனால் அந்த வருஷம் கின்ஷாசாவில் ரெண்டு பேரும் மோதியபோது, எட்டாவது ரவுண்டில் கீழே கிடந்தது ஃபோர்மேன். ஒருத்தர் பாணி ஒருத்தருக்கு ஒத்துவரும், இன்னொருத்தருக்கு வராது. பாக்ஸிங்கில் கூட்டல் கழித்தல் செல்லாது. அது மட்டுமில்லை, பெர்பிக் ஜெயித்த அலிக்கு நாற்பது வயது நிறைய ஒரு மாதம்தான் பாக்கி. அந்த ஆளைக் காட்டி ஃபார்மில் இருந்த அலியைத் தோற்கடிப்பது என்ன நியாயம்?

நடக்காத சண்டைக்குத் தீர்ப்பு வாங்க நீங்கள்தான் முதலில் கிளம்பியவர் என்றும் நினைக்காதீர்கள். 1967-ல் அமெரிக்காவில் முர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், அந்தந்தக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அது சொன்ன முடிவுகளை ரேடியோவில் நிஜச் சண்டை மாதிரி வர்ணனையோடு ஒலிபரப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற நேரத்துச் சாம்பியனான ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாக மெஷின் சொன்னது. அலி சும்மா இருப்பாரா? பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சமாதானம் பேசி, அந்தப் போட்டியில் பட்டம் வாங்கிய ராக்கி மார்சியானோவோடு 1969-ல் மியாமியில் ஒரு ஸ்டுடியோவுக்குள் நிஜமாகவே கிளவுஸ் மாட்டிக்கொண்டு நடித்துக் கொடுத்தார். மார்சியானோ 49 சண்டையில் 49-ஐயும் ஜெயித்து 1956-ல் ஓய்வு பெற்றவர். வயது 45. உடம்பைக் குறைத்து, வழுக்கைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். முடிவைப் பல விதமாக எடுத்து வைத்தார்கள், எது படத்தில் வரும் என்று நடித்த இரண்டு பேருக்கும் தெரியாது. 1970 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தபோது, பதின்மூன்றாவது ரவுண்டில் அலி நாக் அவுட். ஜெயித்தவர் அதைப் பார்க்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று சின்ன விமானம் ஒன்று விழுந்து செத்துப்போனார். மறுநாள் அவருக்குப் பிறந்தநாள்.

அலிக்கே ஒரு கம்ப்யூட்டர் தீர்ப்பு ஒத்துவரவில்லை. என் தீர்ப்பை உங்கள் மச்சான் ஒத்துக்கொள்வார் என்று எப்படி நினைத்தீர்கள்?

மச்சானின் 'அலி தாங்குவார்' வாதத்துக்கும் நான் மார்க் போடப் போவதில்லை. அலி தாங்கினார் என்பது சத்தியம். என் கண்ணால் பார்த்த கதை ஒன்று சொல்கிறேன். 1980 தொடக்கத்தில் அலி மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் இன்னொரு பாக்ஸரான ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி, எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். என் அப்பா மில்லில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். ராத்திரி வந்ததும் வராததுமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முற்றத்துத் தண்ணி ட்ரம்மைச் சுற்றி அலி கால் மாற்றி ஆடினதை ஆடிக் காட்டினார். சட்டையைக் கழற்றக்கூட இல்லை. அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்று சிரித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதே வருஷம் அக்டோபரில், ஓய்வை ரத்து செய்துவிட்டு, 38 வயதில் அலி அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸ் முன்னால் போய் நின்றார். பத்து ரவுண்டு வாங்கிக்கொண்டே இருந்தார். அடித்த ஹோம்ஸே நடுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்தினார். அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே அலியின் டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று பரிசோதனை முடிவை அலிக்கும் அவர் மனைவிக்கும் மேனேஜருக்கும் அனுப்பி வைத்தார். ஒருத்தரும் பதில் போடவில்லை. மனிதர் அந்தக் கூட்டத்தைவிட்டே விலகிப் போனார். 1984-ல் அலிக்கு பார்க்கின்சன் என்று தெரிந்தது. நம்ம ஊர் மேடையில் அவரோடு ஆடின ஜிம்மி எல்லிஸ் 2014-ல் இறந்தபோது ஞாபகமெல்லாம் போயிருந்தது. செத்துப்போன மனைவி உயிரோடு இருப்பதாகவே கடைசிக் காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தார் என்பார்கள். என் அப்பா ஆடிக் காட்டின அந்த ஆட்டத்தில் இருந்த இரண்டு பேரும் இப்படித்தான் முடிந்தார்கள். தாங்கினார், தாங்கினார் என்று ஊரே கைதட்டினதற்குக் கிடைத்த கூலி.

இனி ஃப்ரேஸியருக்கு வாருங்கள். 1975 மணிலா, எதிரே அலி. பதினாலு ரவுண்டு முடிந்திருக்கிறது, இன்னும் மூணே நிமிஷம். கண் வீங்கி மூடிவிட்டது, எதிரே வருகிற குத்து தெரியவில்லை. ஆனாலும் நான் போகிறேன் என்று முரண்டு பிடிக்கிறார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. தோள்மேல் கை வைத்து உட்கார வைத்து, சண்டையை முடித்துக்கொண்டார். உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு போனது. ஃப்ரேஸியர் அதற்குப் பிறகு 36 வருஷம் உயிரோடு இருந்தார். நீங்களும் மச்சானும் பதினைந்து வருஷமாக எத்தனை சண்டை பார்த்திருப்பீர்கள், இந்த ஃபட்ச்சைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பேசியிருக்கிறீர்களா?

அன்றைக்கு உங்கள் வீட்டில் ஃபட்ச் வேலையைச் செய்தவர் மச்சான். தாய்மாமன் என்றால் சீர்த்தட்டு தூக்க மட்டும் என்று நினைத்துவிட்டீர்களா? அப்பன்காரன் கண்ணை மறைத்திருக்கும்போது, 'சத்தத்தைக் குறை, பிள்ளை படுத்திருக்கான்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றுதான் நம் வீடுகளில் மாமனுக்கு அந்த இடம். கார்னரில் நிற்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் டிக்கெட் வாங்கினவர் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

பையனை பாக்ஸிங்கை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை. அவன் ஆசைப்பட்டால் ஆடட்டும். ஒரு கேள்வியை மட்டும் அவனிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: 'உனக்கா ஆசை, எனக்காகப் போறியா?' கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் பதில் சொல்ல நேரம் எடுப்பான்.

மஞ்சள் நீராட்டுக்கு மனைவியைத் தனியாக அனுப்புகிற யோசனை உங்களுக்கு எப்படித்தான் வந்ததோ. அத்தை முறைக்குத் தண்ணீர் ஊற்றி நலங்கு வைக்கப் போகிறவள், புருஷன் எங்கே என்று கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் மைக் டைசன் கதை சொல்லிக்கொண்டு நிற்கணுமா? விசேஷம்வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே மச்சான் வீட்டுக்குப் போங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு. 'அன்னிக்கு நீங்க சொன்னது சரி, நான்தான் கவனிக்கல' என்று அவன் முன்னாலேயே சொல்லுங்கள். பெர்பிக் பேச்சை எடுக்காதீர்கள். அவரே எடுத்தாலும் பந்தியில் இலைக்கு முன்னால் வேண்டாம்.

தீர்ப்பு கேட்டீர்களே. என்னிடம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. பையனைக் காட்டின டாக்டர் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பி வையுங்கள், அலியா டைசனா என்று அடுத்த இதழில் எழுதுகிறேன்.