'ஆஃப் கோர்ஸ்' சொன்னதில் என்ன தப்பு?

வணக்கம். "நாளைக்கு லீவா?" என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார், 'ஆஃப் கோர்ஸ்' என்றேன், அவர் முகம் மாறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், பலரும் இடறும் இடம்தான் இது. யாராவது பேனா இரவல் கேட்டால் 'ஆஃப் கோர்ஸ்' நல்ல மரியாதையான பதில். 'தாராளமாக' என்று பொருள். தகவல் கேட்பவரிடம் அதையே சொன்னால் 'இதுகூடத் தெரியாதா?' என்பதுபோல் காதில் விழும். அங்கே 'யெஸ், ஐ ஆம்' போதும்.

அப்புறம், நம்ம 'அதானே பார்த்தேன்' என்பதற்கு என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். காரணம் தெரிந்த பிறகு வருவது 'நோ வொண்டர்'. ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை என்கிறார் நண்பர். 'நோ வொண்டர் யூ லுக் டயர்ட்' என்கிறீர்கள். 'அதான் இப்படிச் சோர்ந்து தெரிகிறீர்களா!' என்பது அப்படியே அதில் இருக்கிறது. இதை முதலில் பழகுங்கள்.

இன்னொன்று, 'எதிர்பார்த்ததுதான், எப்போதும் இப்படித்தானே' என்பதற்கு 'பார் ஃபார் த கோர்ஸ்' என்பார்கள். இது கோல்ஃபிலிருந்து வந்தது. நல்ல ஆட்டக்காரர் ஒரு மைதானத்தை எத்தனை தடவை பந்தை அடித்து முடிப்பார் என்ற கணக்குதான் 'பார்'. 18 குழி மைதானத்தில் பெரும்பாலும் 72. பேச்சில் மட்டும் இது சலிப்பான விஷயங்களுக்கே அதிகம் வரும். பஸ் வழக்கம்போல லேட் என்றால் சொல்லலாம். ஒருவர் செய்த வேலையைப் பார்த்துச் சொன்னால் குத்தலாகிவிடும், மேனேஜரிடம் வேண்டாம்.