பழைய வீட்டுச் சுவரும் புதிய தளமும் சேருமிடத்தில் ஒழுகினால் என்ன செய்வது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கும் எங்கள் வீடு இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டியது. பின்னர் கொல்லைப்புறம் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டினோம். அதன் தளம் பழைய தளத்தைவிட இரண்டடி தாழ்வானது. இந்தப் புதிய தளம் பழைய சுவரைத் தொடும் இடத்திலும், மாடியில் கைப்பிடிச் சுவரின் அடியிலும் ஒவ்வோர் ஐப்பசியிலும் நீர் இறங்குகிறது. இருமுறை சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை. தட்டோடு முழுவதையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டும் என்கிறார் கொத்தனார். அது தேவையா?

பதில்: தாங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் தேவையிராது என்றே தோன்றுகிறது. ஆயினும் ஊகத்தை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, சுவர்களிலிருந்து ஓரடி தள்ளிக் களிமண்ணால் வரப்பு கட்டி, தளத்தின் நடுப்பகுதியில் மட்டும் ஓர் அங்குல உயரத்துக்கு நீரை நிறுத்தி ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். கீழே ஈரம் காணவில்லையென்றால் தட்டோட்டில் குற்றமில்லை. அதன்பின் வரப்பை எடுத்துவிட்டு, சுவரோரம் வரை நீரை நிற்கவிடுங்கள். இப்போது கசிந்தால் குறை மூட்டில்தான் உள்ளது.

சிமெண்ட் பூச்சு ஏன் நிற்பதில்லை என்பதற்குக் கணக்கு எளிது. கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர் நீளும். விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் 30 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் நீளத் தளம் நாள்தோறும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்க முயல்கிறது. அதன்மேல் நிற்கும் செங்கல் சுவர் அந்த அளவுக்கு நீளாது. ஆகவே இரண்டும் சேரும் கோட்டில் வெடிப்பு விழுகிறது. புதிய அறையிலோ, அதன் அடித்தளம் தனியாக அமர்வதால் அசைவு இன்னும் கூடுதல். அசையும் இடத்தில் வளையாத பொருளை வைத்து எத்தனை முறை பூசினாலும் அடுத்த கோடையில் அதே கோட்டில் பிளக்கும். தாரும் இங்கே உதவாது. நம் வெயிலில் அது இளகி வழிந்து, பிறகு காய்ந்து வெடிக்கும்.

கைப்பிடிச் சுவரின் அடியில் உள்ள வெடிப்பை 12 மில்லிமீட்டர் அகலத்துக்குக் காடியாக வெட்டி, தூசியைத் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். காடிக்குள் ஃபோம் கயிற்றை (கடையில் பேக்கர் ராடு என்று கேளுங்கள்) அழுத்திவிட்டு, அதன்மேல் பாலியூரித்தேன் சீலன்டை (ரப்பர்போல் இழுபடும் அடைப்புப் பசை) 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் நிரப்புங்கள். கொத்தனார்கள் பெரும்பாலும் கயிற்றை வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது: சீலன்ட் இரு பக்கங்களில் மட்டும் ஒட்டினால்தான் தாராளமாக இழுபடும், அடியிலும் ஒட்டிக்கொண்டால் கிழிந்துவிடும். சிலிக்கான் விலை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தூசி படிந்த கான்கிரீட்டில் அதன் பிடிப்பு நிலைப்பதில்லை, அதன்மேல் வேறெந்தப் பூச்சும் ஒட்டாது. சீலன்ட் இறுகிய பிறகு, இழைவலை வைத்த நீர்த்தடுப்புப் பூச்சைத் தளத்தில் ஓரடியும் சுவரில் அரையடியும் வருமாறு இரு கை அடியுங்கள். இதை வெயில் தணிந்த மாலையில் செய்வது நல்லது. சூடேறிக்கொண்டிருக்கும் தளத்திலிருந்து கிளம்பும் காற்றும் ஈரமும் பூச்சைக் கொப்புளமாக்கிவிடும்.

பழைய சுவரும் புதிய தளமும் சேரும் இடத்துக்குச் சீலன்ட் மட்டும் போதாது. அங்கே நீர் மூட்டை எட்டாதபடி செய்வதே சரியான வழி. முதலில் அங்குள்ள வெடிப்பையும் மேற்சொன்னபடி அடைத்துவிட்டு, புதிய தளத்தின்மேல், பழைய சுவரிலிருந்து முக்கால் அங்குலம் விலகி, நான்கு அங்குல உயரத்தில் கான்கிரீட் கட்டை ஒன்று நெடுக ஓடட்டும். தளத்தைக் கொத்திவிட்டு, பிணைப்புப் பசை தடவி, அதன்மேல் கட்டையை வார்க்க வேண்டும். பழைய சுவரில் கட்டைக்குச் சற்று மேலே காடி எடுத்து, அதில் நீரைத் தள்ளிவிடும் உலோகத் தகட்டின் ஒரு விளிம்பைச் செருகி, மறு விளிம்பைக் கட்டைக்கு மேலாக வளைத்து வெளிப்பக்கம் தொங்கவிடுங்கள். தகட்டைச் சுவரில் மட்டும் பிணையுங்கள். கட்டையிலும் சேர்த்து ஆணி அடித்துவிட்டால் அறை அசையும்போது தகடு பிய்ந்துவிடும், செய்ததெல்லாம் வீண். அலுமினியத் தகடாக இருந்தால் காடியைச் சாந்தால் அடைக்காமல் சீலன்டால் அடையுங்கள், ஈரமான சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும். தகடுகள் நீளவாட்டில் நான்கு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்தில் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரல் அடிக்கும் என்பதால், பங்குனியில் வேலையை முடிப்பது வசதி. தவறினால் ஆவணிக்குப் பின் தொடர்ந்து நாலைந்து நாள் வெயில் கிடைக்கும்போது செய்யலாம். புரட்டாசிக் கடைசிக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

குழாய் வாயையும் இப்போதே பார்த்துவிடுங்கள். வழுவழுப்பான பி.வி.சி. குழாயில் சாந்து பிடிக்காது, ஆகவே சுவரைத் துளைத்துச் செல்லும் பகுதியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, சுற்றிலும் சுருங்காத கிரவுட்டால் (இடுக்கை நிரப்பும் சிமெண்ட் கலவை) அடைத்து, விளிம்பில் சீலன்ட் விட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் நம் வட்டாரத்தில் கொட்டித் தீர்த்த மழையின்போது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அவ்வளவு மழையில் இலை அடைத்த ஒரே குழாயை நம்பியிருந்தால், நீர் பூச்சின் உயரத்தைத் தாண்டி நின்றுவிடும். ஆகையால் கைப்பிடிச் சுவரில், தளத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, வெளியே நீட்டிய இன்னொரு குழாயையும் வைத்துவிடச் சொல்லுங்கள்.