சமாரியா பள்ளத்தாக்கு நடை: போக, வர என்ன வழி? கேள்வி பதில்

கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போகிற நம்மவர்கள் பலர் சமாரியா பள்ளத்தாக்கைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தீவின் மேற்கே லெஃப்கா ஓரி என்ற வெண்மலைத் தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் க்ஸிலோஸ்காலோ என்ற வாசலில் தொடங்கி, லிபியக் கடலோரம் இருக்கும் அயியா ருமேலி கிராமத்தில் முடிகிற 16 கிலோமீட்டர் நடை. கிட்டத்தட்ட முழுக்க இறக்கம். தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லாததால் வருகிற குழப்பம்தான் அதிகம். என்னிடம் கேட்கப்பட்டவற்றைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

கிரீட்டின் ஹானியா நகரில் தங்குகிறோம். வாடகைக் காரில் மேல் வாசலுக்குப் போய், நடந்து இறங்கி, கீழே டாக்ஸி பிடித்து காருக்குத் திரும்பலாம் என்று திட்டம். சரிதானே அக்கா? (ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து)

முடியாது. அயியா ருமேலிக்குச் சாலையே கிடையாது. அங்கே டாக்ஸியும் வராது, பஸ்ஸும் வராது. பள்ளத்தாக்கின் கீழ் வாசலிலிருந்து கிராமம் வரை ஒரு மினி பஸ் ஓடும். அது அந்தச் சின்னத் தூரத்துக்கு மட்டும். கிராமத்தை விட்டு வெளியே வர இரண்டே வழி: படகு, இல்லையென்றால் நடை.

அதனால் முதலில் படகைப் பிடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மாலைப் படகுகள் பல ஆண்டுகளாக 5:30 வாக்கில் கிளம்புகின்றன. பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும், போகிற வாரத்தின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கே போகும் படகு சூயா வழியாக பாலியோஹோராவுக்கு. கிழக்கே போகும் படகு லூத்ரோ வழியாக ஹோரா ஸ்ஃபாகியோனுக்கு. சூயாவிலும் ஹோரா ஸ்ஃபாகியோனிலும் ஹானியா போகும் கேடெல் (ஊர்களை இணைக்கும் பொதுப் பேருந்து) பஸ்கள் சீசனில் படகு வரும் நேரத்துக்கு நிற்கும். இரண்டு ஊர்களிலிருந்தும் ஹானியா ஏறத்தாழ 70 கிலோமீட்டர், மலைச்சாலை. வீடு வந்து சேர இரவு எட்டு, எட்டரை ஆகும்.

உங்களைப் போல் ஹானியாவில் தங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அன்றைக்குக் காரைத் தொடாதீர்கள். விடியற்காலை கேடெல் பஸ்ஸில் ஓமலோஸ் என்ற மலைச் சமவெளி வழியாக மேல் வாசலுக்குப் போய், நடந்து, படகு ஏறி, இன்னொரு பஸ்ஸில் திரும்புங்கள். இந்தச் சங்கிலி இந்த நடைக்காகவே அமைந்தது.

ஆனால் காருக்கு ஏற்கனவே பணம் கட்டிவிட்டோம். எங்கே நிறுத்துவது நல்லது? (அதே வாசகர்)

சூயாவில். மேல் வாசலில் நிறுத்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

யோசித்துப் பாருங்கள். காரை மேலே விட்டால் காலையில் சுகம். மாலையில் ஆறு மணி நேரம் நடந்த காலோடு படகில் சூயா வந்து, அங்கிருந்து ஓமலோஸுக்கு வண்டி தேடி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து மலை ஏறி, இருட்டில் காரை எடுத்து, மறுபடி ஹானியாவுக்கு இறங்க வேண்டும். சீசனில் சூயாவிலிருந்து ஓமலோஸுக்கு மாலை பஸ் ஓடுவது உண்டு. ஆனால் படகு தாமதமானாலோ பஸ் நிரம்பினாலோ மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

காரைக் கீழே விட்டால் சிரமம் காலைக்கு மாறிவிடும். முதல் நாள் மாலையே சூயா போய்த் தங்குங்கள். அமைதியான கடற்கரை ஊர், அறைகள் கிடைக்கும். காலையில் பாலியோஹோராவிலிருந்து சூயா வழியாக ஓமலோஸ் போகும் பஸ் சீசனில் உண்டு. எல்லா நாளும் ஓடும் என்று எடுத்துக்கொள்ளாமல், முதல் நாள் மாலையே ஊரில் கேட்டு உறுதி செய்யுங்கள். பஸ் இல்லாத நாள் என்றால் அப்போதே டாக்ஸிக்குச் சொல்லி வையுங்கள். நடந்து முடித்து முக்கால் மணி நேரப் படகில் சூயாவில் இறங்கினால் கார் அங்கேயே நிற்கும். அவசரப்படத் தேவையே இல்லை.

இரண்டு குடும்பம், இரண்டு கார். ஒரு குடும்பம் மேலிருந்து இறங்க, இன்னொன்று கீழிருந்து ஏற, நடுவில் சாவி மாற்றிக்கொண்டால்? (டொராண்டோ)

சாவி மாற்றும் முறை எனக்கும் பிடிக்கும். இரு முனையிலும் சாலை இருக்கிற நடைகளுக்கு அதைவிட மலிவான ஏற்பாடு இல்லை. சமாரியாவுக்கு மட்டும் பொருந்தாது. கீழிருந்து ஏறும் குடும்பம் முதலில் படகில் அயியா ருமேலி வந்து சேர வேண்டும். அதற்குள் வெயில் ஏறிவிடும். அதற்குப் பிறகு 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம், அதிலும் கடைசி மூன்று நாலு கிலோமீட்டர்தான் மிகச் செங்குத்து. குழந்தைகளோடு அதைச் செய்யவே கூடாது. அவர்களுடைய காரும் சூயாவில் நிற்கும், அயியா ருமேலியில் அல்ல.

இந்த ஆசையை இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஹானியாவிலிருந்து ஹோரா ஸ்ஃபாகியோன் போகும் சாலையிலேயே இம்ப்ரோஸ் கிராமம் இருக்கிறது. சுமார் 8 கிலோமீட்டர் இறங்கினால் கொமிதாதெஸ். இரு முனைக்கும் நல்ல சாலை. சாவி மாற்ற மனமில்லையென்றால், கீழே பிக்கப் வண்டிக்காரர்கள் மேலே கொண்டுபோய் விடக் காத்திருப்பார்கள்.

காலை எத்தனை மணிக்கு வாசலில் இருக்க வேண்டும்? நாங்கள் மெதுவாக நடப்பவர்கள்.

வாசல் காலை 7 மணிக்குத் திறக்கும். மெதுவாக நடப்பவர்கள் அப்போதே அங்கே நிற்க வேண்டும். மாலை 5:30 படகிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். படகுத் துறையில் டிக்கெட் வாங்கி, சாப்பிட்டு, கால் நனைக்க இரண்டு மணி நேரம் விடுங்கள். அப்படியென்றால் 3:30க்குக் கிராமத்தில் இருக்க வேண்டும். கீழ் வாசலிலிருந்து கிராமம் சுமார் 3 கிலோமீட்டர், வெட்டவெளி, நிழல் குறைவு. அதற்கு ஒரு மணி நேரம். ஆக 2:30க்குக் கீழ் வாசல். மேல் வாசலுக்கும் கீழ் வாசலுக்கும் நடுவே 13 கிலோமீட்டர். நிதானமாகப் போகிறவர்களுக்கு ஆறு மணி நேரம், ஓய்வு ஒரு மணி நேரம். ஆக 7:30க்குள் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஏழரை பஸ்ஸில் கிளம்பி ஒன்பதுக்கு வாசலில் இறங்குபவர்கள் வேகமாக நடந்தால் படகைப் பிடித்துவிடுவார்கள். ஆனால் முழு நேரமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். பிற்பகலில் வந்தால் முழுப் பாதைக்கு விடமாட்டார்கள். முதல் 2 கிலோமீட்டர் வரை போய்த் திரும்பலாம், அவ்வளவுதான்.

இன்னும் நிம்மதி வேண்டுமானால் ஓமலோஸ் சமவெளியில் முதல் நாள் இரவு தங்குங்கள். வாசலுக்குச் சில கிலோமீட்டர்தான். காலையில் வாசலில் கொண்டுவந்து விடுவார்களா என்று அறை பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஜூலையிலும் அங்கே இரவு குளிரும், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

வழியில் முடியாமல் போனால் பாதியில் வெளியேற வழி உண்டா?

இல்லை. ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். பக்கவாட்டில் வழி கிடையாது. முடிவெடுக்கும் இடம் முதல் மூன்று கிலோமீட்டர்தான். மரக் கைப்பிடி போட்ட கற்படிகள் திரும்பித் திரும்பி இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கேயே முட்டி வலித்தால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். அதைத் தாண்டிய பிறகு திரும்புவதுதான் கடினம்.

ஏறத்தாழ ஏழாவது கிலோமீட்டரில் பழைய சமாரியா கிராமம். 1962இல் தேசியப் பூங்கா ஆனபோது மக்கள் வெளியேறிய ஊர். கல் வீடுகள் நிற்கின்றன. எல்லாரும் உட்காரும் இடம் அதுதான், காவலர்களும் இருப்பார்கள். அடிபட்டவர்களைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கொண்டுவருவது இங்கே வழக்கம். வாசலில் கொடுக்கிற சீட்டைத் தொலைக்காதீர்கள். கீழ் வாசலில் அதைக் கேட்பார்கள். உள்ளே போனவர் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். சட்டைப் பையில் போட்டு வியர்வையில் கூழாகிவிடாமல், பாஸ்போர்ட் நகலோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது. 16 கிலோமீட்டர் முடியாது. அவரை அறையில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. (சிங்கப்பூர்)

விட்டுவிட்டுப் போக வேண்டாம். உங்கள் கேள்விக்கு நல்ல வழி இருக்கிறது. சூயாவிலிருந்தோ ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்தோ பகலில் அயியா ருமேலிக்குப் படகு உண்டு. அம்மாவும் துணைக்கு ஒருவரும் அதில் வரட்டும். கிராமத்திலிருந்து மினி பஸ்ஸில் கீழ் வாசல். அங்கிருந்து உள்ளே சுமார் 2 கிலோமீட்டர் நடந்தால் இரும்புக் கதவுகள் எனப்படும் இடம். பாறைச் சுவர்கள் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு எழுந்து, நடுவில் மூன்று நான்கு மீட்டர் இடைவெளிதான் இருக்கும். ஓடையைத் தாண்ட மரப்பலகை போட்டிருப்பார்கள். பள்ளத்தாக்கின் உச்சமான காட்சி அது, அம்மா அதைப் பார்த்துவிடலாம். ஏற்றம் லேசானது, ஆனால் பாதை முழுக்க உருண்டைக் கற்கள், செருப்பு கூடாது, கைத்தடி வேண்டும். கீழ் வாசலிலும் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும்.

சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவையுங்கள். உள்ளே போன் சிக்னலை நம்ப முடியாது. "படகுத் துறைக்குப் பக்கத்து உணவகம், மூன்று மணி" என்பது போல் இடமும் நேரமும் சொல்லிப் பிரியுங்கள்.

காற்று அடித்து படகு ஓடவில்லையென்றால்?

தங்குங்கள். கிராமத்தில் அறைகளும் உணவகங்களும் இருக்கின்றன. படகு நிற்கும் என்று காலையிலேயே தகவல் வந்தால் வாசலில் இறங்காதீர்கள். நடையை மறுநாளுக்குத் தள்ளுங்கள். கடலோரமாகக் கிழக்கே லூத்ரோவுக்கு நடைபாதை உண்டு, ஐந்தாறு மணி நேரம். ஆனால் லூத்ரோவுக்கும் சாலை கிடையாது. அங்கிருந்து ஹோரா ஸ்ஃபாகியோனுக்கு இன்னும் நடக்க வேண்டும். பள்ளத்தாக்கு இறங்கிய அதே நாளில் அதை யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

இதனால்தான் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் சமாரியாவை வைக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள். மழை, கடும் வெயில் என்றாலும் பூங்காவை மூடிவிடுவார்கள். மாற்று நாள் கையில் இருந்தால் கவலையில்லை.

ஏப்ரல் முதல் வாரம் வருகிறோம். திறந்திருக்குமா?

இருக்காது. வழக்கமாக மே தொடக்கத்தில் திறந்து அக்டோபர் கடைசியில் மூடுவார்கள். ஏப்ரலில் பனி உருகி ஓடையில் தண்ணீர் வரும். நீங்கள் இம்ப்ரோஸ் போங்கள்.

ஹெராக்லியோனில் தங்குகிறோம். ஒரே நாளில் போய் வர டூர் பஸ் எடுக்கலாமா தம்பதியாக? (சென்னை)

எடுக்கலாம். ஹெராக்லியோனிலிருந்து ஹானியாவே 140 கிலோமீட்டர். டூர்காரர்கள் விடிவதற்கு முன்பே ஏற்றிக்கொள்வார்கள், இரவு வெகுநேரம் கழித்து விடுவார்கள். போக்குவரத்துத் தலைவலி முழுக்க அவர்களுடையது என்பது பெரிய சௌகரியம். டூர் என்றாலும் எந்தத் துறையில் இறங்கி எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் இரண்டு படகும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சூயா படகுக்குப் பதில் ஸ்ஃபாகியோன் படகில் ஏறிவிட்டால் உங்கள் பஸ் வேறு ஊரில் இருக்கும். என் விருப்பம் என்னவென்றால், ஹானியாவில் இரண்டு இரவு எடுத்துக்கொண்டு நிதானமாகப் போங்கள்.

கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். கிளம்புவதற்கு முன் ஊரில் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள், கிரீட் போய் வாங்க முடியாது.

சைவம். என்ன கட்டிக்கொண்டு போவது?

நடைக்கு ரொட்டி, பழம், உப்புக் கடலை போதும். உள்ளே கடை கிடையாது. தண்ணீருக்கு ஊற்றுக் குழாய்கள் வழியில் இருக்கின்றன, ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டே போகலாம். ஆனால் பாதையின் கடைசிப் பகுதியில் அவை குறைவு, சமாரியா கிராமத்தைத் தாண்டும்போது நிரம்பியிருக்கட்டும். அயியா ருமேலி உணவகங்களில் டாகோஸ் கேளுங்கள்: பார்லி ரஸ்க்கின் மேல் தக்காளி, சீஸ், ஆலிவ் எண்ணெய். எலுமிச்சை பிழிந்த கீரை ஹோர்தா, அரிசி அடைத்த தக்காளியும் குடைமிளகாயும் கெமிஸ்தா. கெமிஸ்தாவில் சில இடங்களில் கறி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். படகு டிக்கெட்டை மட்டும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.