அயோடின் சொட்டா, டெஸ்டோஸ்டிரோன் ஊசியா?

கேள்வி: வயது 34. திருப்பூரில் ஷிப்ட் வேலை. ஒரு வருடமாக எப்போதும் அசதி, தாம்பத்யத்திலும் நாட்டமில்லை. டெஸ்டோஸ்டிரோன் பார்த்ததில் 290 வந்தது, தைராய்டு டி.எஸ்.எச். 2.8. அயோடின் சொட்டு மருந்து சாப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறும் என்று ஒரு நண்பர் பாட்டிலே வாங்கிக் கொடுத்துவிட்டார். ஜிம் மாஸ்டரோ ஊசிதான் நிரூபணமானது என்கிறார். எதற்கு ஆதாரம் அதிகம்? குழந்தைக்காகவும் முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்.

பதில்: உங்கள் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். குழந்தைக்கு முயற்சி செய்யும் ஆண் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், இங்கே சரக்கு போதுமான அளவு இருக்கிறது என்று நினைத்து மூளையடி சுரப்பி விரைகளுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். ரத்தத்தில் அளவு ஏறும், ஆனால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். இதையே ஆண்களுக்கான கருத்தடையாகப் பயன்படுத்தலாமா என்று உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். ஜிம்மில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். அயோடினுக்கு இருக்கும் ஆதாரம் நூறு வருடப் பழையது, ரொம்பவே வலுவானது. 1917இல் அமெரிக்காவின் ஓஹையோவில் உள்ள ஆக்ரன் நகரப் பள்ளி மாணவிகளுக்கு டேவிட் மரைனும் கிம்பலும் சோடியம் அயோடைடு கொடுத்தார்கள். எடுத்துக்கொண்ட இரண்டாயிரம் சொச்சம் பேரில் புதிதாகக் கழலை (தைராய்டு வீங்கிக் கழுத்தில் வரும் கட்டி) வந்தது ஐந்து பேருக்கு, எடுக்காத அதே அளவு கூட்டத்தில் கிட்டத்தட்ட 500 பேருக்கு. நம் நாட்டிலும் 1956 முதல் இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் கலந்த உப்பை ஒரு பக்கமும் சாதா உப்பை இன்னொரு பக்கமும் கொடுத்துப் பார்த்து, கழலையைத் தடுக்க அயோடின் கலந்த உப்பே போதும் என்று காட்டினார்கள். அந்த வேலையின் தொடர்ச்சிதான் இன்று உங்கள் சமையலறையில் இருக்கும் பாக்கெட் உப்பு.

ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் அயோடின் பற்றாக்குறை உள்ளவர்களுக்குக் கழலை வராமல் தடுப்பதற்கான ஆதாரம். போதுமான அளவு கிடைத்துக்கொண்டிருக்கும் ஆணுக்கு அயோடின் கொடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் ஏறும் என்று காட்டிய தரமான ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: தைராய்டு உண்மையிலேயே குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் அளவும் குறைந்து தெரியும், தைராய்டைச் சரிசெய்தால் அதுவும் சரியாகும். உங்களுக்கு டி.எஸ்.எச். 2.8, அதாவது நார்மல். ஆகவே அந்தக் கதை உங்களுக்குப் பொருந்தாது.

பாட்டிலைப் பற்றியும் ஒரு கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். இணையத்தில் விற்கும் 5 சதவீத லூகோல் என்ற அயோடின் திரவத்தில் ஒரே ஒரு சொட்டில் ஏறக்குறைய 6,000 மைக்ரோகிராம், நாற்பது நாள் தேவை ஒரு சொட்டில்! அமெரிக்காவில் சொல்லும் உச்ச வரம்பே 1,100தான். இவ்வளவு ஊற்றினால் தைராய்டு தற்காப்புக்காக ஹார்மோன் செய்வதையே நிறுத்திக்கொள்ளும், 1948இல் வுல்ஃப், சைக்கோஃப் என்ற இருவர் எலிகளில் கண்ட விஷயம் இது. நல்ல தைராய்டு சில நாளில் மீண்டுவிடும், ஆனால் ஹாஷிமோட்டோ பாதிப்பு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் மீளாமல் குறைபாட்டில் போய் நிற்கலாம். சருமத்தில் அயோடின் தடவி எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்க்கும் 'டெஸ்ட்' ஒன்று சுற்றுகிறதே, அது வெறும் ஆவியாதல், அதை வைத்து உடம்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அயோடின் பற்றி உண்மையிலேயே கவலையென்றால் உப்பு டப்பாவைப் பாருங்கள். 2018-19 கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பு புழங்கும் வீடுகள் குறைவாக இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, காரணம் நம் கல் உப்புப் பழக்கம். இப்போது இந்துப்பு மோகம் வேறு. அயோடின் கலந்த உப்புக்கு மாறுவது போதும், சொட்டு தேவையில்லை.

டெஸ்டோஸ்டிரோன் பக்கம் ஆதாரம் புதியது, கொஞ்சம் சிக்கலானது. 2016இல் வெளியான பெரிய ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட, அளவு 275க்குக் கீழே இருந்த 790 பேரைச் சேர்த்து ஒரு வருடம் ஜெல் கொடுத்தார்கள். தாம்பத்ய நாட்டம் ஓரளவு கூடியது, ரத்தசோகை இருந்தவர்களுக்குத் தேறியது. அசதி? அதில் சொல்லிக்கொள்ளும்படி பலனில்லை, நீங்கள் கேட்பதோ அதைத்தான். 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில் இதய நோய் அல்லது அதற்கான ஆபத்து உள்ள 5,200 பேர். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது நல்ல செய்தி, ஆனால் இதயத் துடிப்புத் தடுமாற்றமும் நுரையீரல் ரத்தக்கட்டும் கொஞ்சம் அதிகம், எலும்பு முறிவும் அதிகம். எலும்பு அடர்த்தி கூடும் என்று நாங்களெல்லாம் நினைத்திருந்தபோது முறிவு அதிகமானது எனக்கே ஆச்சரியம்தான். இரண்டிலுமே 34 வயதுக்காரர் யாரும் இல்லை. விரைகளிலோ மூளையடி சுரப்பியிலோ உண்மையான கோளாறு இருந்து குறைந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை வாழ்க்கையையே மாற்றும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்களுக்கு அது இருக்கிறதா என்பது இன்னும் தெரியாது.

ஏனென்றால் அந்த 290ஐ நான் நம்பவில்லை. எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள்? காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும் ஹார்மோன் இது, நைட் ஷிப்ட் முடித்து வந்து கொடுத்தால் அதன் அர்த்தமே வேறு. ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்ததில் இளைஞர்களுக்கே 10 முதல் 15 சதவீதம் இறங்கியதாக 2011 ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே நன்றாகத் தூங்கிய இரண்டு வெவ்வேறு நாள்களில், வெறும் வயிற்றில், காலை 8 முதல் 10க்குள் கொடுங்கள். இரண்டாவது தடவையும் 300க்குக் கீழே என்றால் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் என்ற மூளையடி சுரப்பி ஹார்மோன்கள் மூன்றையும் பாருங்கள், கூடவே விந்துப் பரிசோதனை. ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், குறட்டை உண்டா என்று மனைவியிடமும் கேளுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கு இதே அசதி வரும். தொப்பை இருந்தால் அதைக் குறைப்பதே டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும். உண்மையிலேயே குறைவு என்று வந்தாலும் குழந்தை வேண்டுபவர்களுக்கு விரைகளையே ஹார்மோன் செய்யத் தூண்டும் எச்.சி.ஜி. ஊசி போன்ற வேறு வழிகள் உண்டு, அதை ஹார்மோன் டாக்டர் முடிவு செய்யட்டும்.

சொட்டு ஏற்கனவே ஆரம்பித்திருந்தால் இன்றே நிறுத்துங்கள், ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். திரும்பப் பாருங்கள். அப்புறம், முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு லேபிலும் சொல்லிவிடுங்கள், அது தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட் இரண்டையும் தப்பாகக் காட்டக்கூடியது.