வாசகர் கேள்வி – பதில்: அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டலும் அதன் பெயர்ச் சண்டையும்

கேள்வி: பழைய ஹெவி மெட்டலைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அதன் வேகமும் அலறலும் மிகுந்த கிளையான பிளாக் மெட்டல் பக்கம் இரண்டு மூன்று முறை போய், இரைச்சல் தாங்காமல் திரும்பிவிட்டேன். மனச்சூழலை முன்னிறுத்தும் அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டல் எனக்கு ஒத்துவரும் என்று நண்பர் சொல்கிறார். எங்கே தொடங்குவது?

பதில்: உங்களைத் திருப்பி அனுப்பியது பெரும்பாலும் டிரம்ஸின் வேகமாகத்தான் இருக்கும். ஹெவி மெட்டல் கேட்டுப் பழகிய காது ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டை, பிடித்துக்கொண்டே நடக்கும். இங்கும் அதையே செய்தால் சீக்கிரம் களைத்துப்போகும். பிளாஸ்ட் பீட் என்னும் இடைவிடாத அடியும், ஒரே சுரத்தை மிக விரைவாக மீட்டிக்கொண்டே இருக்கும் ட்ரெமலோ கிட்டாரும் சேரும்போது, தனித்தனி அடிகள் மறைந்து ஒரு நீண்ட முழக்கம்தான் மிஞ்சுகிறது. அந்த முழக்கத்துக்கு அடியில் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) மிக நிதானமாக மாறிக்கொண்டிருக்கின்றன. கையின் வேகத்தை விட்டுவிட்டு அந்த நிதானமான மாற்றத்தைக் கவனித்தால், வேகமான பாட்டு என்று நீங்கள் ஒதுக்கியது உண்மையில் மெதுவான பாட்டு என்பது புலப்படும்.

நார்வேயின் உல்வர் குழு 1995-இல் வெளியிட்ட 'பெர்க்டாட்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். மலைவாழ் பூதங்களால் கவர்ந்து செல்லப்படும் ஒரு பெண்ணின் கதையை ஐந்து பகுதிகளாகச் சொல்லும் இது, முப்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. தெளிவாகப் பாடும் குரலும் அலறலும் மாறிமாறி வருவதால் புதியவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும். மூன்றாம் பகுதியின் நடுவில் கிட்டார்கள் சட்டென்று நின்றுபோய், காட்டில் யாரோ நடக்கும் காலடி ஓசை கேட்கும். முதல்முறை கேட்டபோது பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து, ஹெட்போனைக் கழற்றப் போனேன்.

அது பிடித்துப்போனால், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த உல்வ்ஸ் இன் த த்ரோன் ரூம் குழுவின் 'டூ ஹண்டர்ஸ்' (2007) அடுத்தது. நான்கே பாடல்கள், கடைசிப் பாடல் மட்டும் பதினெட்டு நிமிடம். அதைத் துண்டு துண்டாகக் கேட்பதில் பயனில்லை. வேகமே வேண்டாம் என்றால் ஆஸ்திரியாவின் சம்மனிங் குழு இருக்கிறது: டோல்கியனின் கற்பனை உலகைப் பாடுகிற இவர்களின் தாளம் படைநடை போல நிதானமானது. 'ஸ்ட்ராங்ஹோல்டு' (1999) கேளுங்கள்.

கேள்வி: பிளாக் மெட்டல் எல்லாமே ஒருவித மனச்சூழலை உண்டாக்கத்தானே செய்கிறது, பிறகு 'அட்மாஸ்ஃபெரிக்' என்ற அடைமொழி எதற்கு என்று நான் கேட்கிறேன். அமெரிக்கக் குழுக்களில் அகலாக் உண்மையான பிளாக் மெட்டல், டெஃப்ஹெவன் போலி என்று என் தோழன் சாதிக்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது, உங்கள் தோழனின் தீர்ப்பு அவ்வளவு நியாயமானதாக எனக்குப் படவில்லை.

இசைவகைப் பெயர்கள் எல்லாம் ஒரே அளவுகோலில் பிறந்தவை அல்ல. சில பெயர்கள் ஒலியைச் சொல்கின்றன, சில பாடுபொருளைச் சொல்கின்றன, சில ஊரைச் சொல்கின்றன. 'அட்மாஸ்ஃபெரிக்' என்பதோ, கேட்பவருக்குள் நிகழ்வதைச் சொல்கிறது. அதனால்தான் அதை வைத்து முடிவே இல்லாமல் சண்டை போட முடிகிறது. ஆனாலும் அந்த அடைமொழியை நான் தூக்கி எறியமாட்டேன். பாட்டில் எது முன்னால் நிற்கிறது என்பதை அது அறிவிக்கிறது: ரிஃப் பின்னுக்குப் போய், எதிரொலி போல நீளும் ரிவெர்பில் தோய்ந்த ஒலிவெளியும், சுருதி போல நிலைத்து நிற்கும் கீபோர்டும், திரும்பத் திரும்ப வரும் ஒரே இசைத்தொடரும் முன்னுக்கு வருகின்றன. இதே நார்வேயில் மூர்க்கமான ரிஃப்புகளால் மட்டுமே நிற்கும் குழுக்களும் உண்டு என்பதால், இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு சொல் தேவைப்படுகிறது.

இனி அந்தப் போலிக் குற்றச்சாட்டு. அகலாக்கின் 'த மேண்டில்' (2002) தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கூஸ்டிக் கிட்டார், நடுத்தர வேகம், நாட்டுப்புறச் சாயல், இடையிடையே தெளிவான குரல். பிளாக் மெட்டலிலிருந்து வந்தது பெரும்பாலும் அந்தக் கரகரத்த குரல்தான். டெஃப்ஹெவனின் 'சன்பேதர்' (2013) தொகுப்பிலோ பிளாஸ்ட் பீட், ட்ரெமலோ, அலறல் என்று உறுப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கிட்டார் ஒலியை மங்கலாகப் படரவிடும் ஷூகேஸ் என்ற ராக் இசையிலிருந்து வந்த, வெளிச்சம் நிறைந்த கார்டுகள்தான் புதிது. ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் பிளாக் மெட்டலுக்கு நெருக்கம். ஆனால் முதல் தொகுப்பின் அட்டையில் மங்கிய ஒளியில் ஒரு மான் சிலை நிற்கிறது, இரண்டாவதன் அட்டை இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கிறது. சண்டையில் பாதி அந்த நிறத்தைப் பற்றியதுதான் என்று நான் சொன்னால் உங்கள் தோழன் கோபித்துக்கொள்வான், இருந்தாலும் சொல்கிறேன்.

'பிளாக் மெட்டல்' என்ற பெயரே இங்கிலாந்தின் வெனம் குழு 1982-இல் தன் தொகுப்புக்கு வைத்தது. அந்தத் தொகுப்பை இன்றைய ரசிகர் ஒருவருக்குப் பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டினால், த்ராஷ் என்ற வேகமான மெட்டல் வகைக்கு முந்தைய வேக மெட்டல் என்பார். பெயர் முன்னே வந்து, இன்று நாம் அறியும் ஒலி பத்தாண்டுக்குப் பிறகே நிலைபெற்ற ஒரு வகையில், 'உண்மையானது' என்ற சொல்லை அளந்து பயன்படுத்துவது நல்லது. உங்கள் தோழனிடம் குழுவின் பெயரை விட்டுவிட்டு, எந்தப் பாடலில் எந்த நிமிடம் அவனுக்குப் போலியாகத் தோன்றுகிறது என்று கேளுங்கள்.

கேள்வி: இந்த வகையின் மூலம் பர்சம் என்ற நார்வே தனியாள் இசைத்திட்டம் என்கிறார்கள். அதைக் கேட்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 1993-இல் பதிவாகி 1996-இல் வெளிவந்த பர்சமின் 'ஃபிலோசோஃபெம்' தொகுப்பின் தேய்ந்த கிட்டார் ஒலியும், கீபோர்டின் மிக எளிய மெட்டும் பின்னால் வந்த எத்தனையோ குழுக்களுக்கு வழிகாட்டின என்பது உண்மை. அதை உருவாக்கிய வார்க் விகர்னெஸ் சக இசைக்கலைஞர் ஒருவரைக் கொன்றதற்காகவும் தேவாலயங்களுக்குத் தீ வைத்ததற்காகவும் 1994-இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார் என்பதும், இனவெறிக் கருத்துகளைப் பரப்பி வருபவர் என்பதும் அதே அளவு உண்மை. நான் ஒரு காலத்தில் அதை அடிக்கடி கேட்டேன், இப்போது கேட்பதில்லை. அந்த மெட்டமைப்பு மட்டும் உங்களுக்குத் தேவையென்றால், மேலே சொன்ன 'டூ ஹண்டர்ஸ்' தொகுப்பிலேயே அதன் தடம் தெளிவாகக் கேட்கும்.