அக்காவின் ஏடிஎம் அட்டை

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அக்காவுக்கு 34 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்கு இரவுகள் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தார். வீடு கட்டச் சேர்த்திருந்த பணத்தில் இரண்டு லட்சத்துக்குச் சேலை வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழவில்லை. இருமுனையப் பிறழ்வு என்றார் மருத்துவர். லித்தியம் மாத்திரை சாப்பிட்டு ஓராண்டுக்கு மேலாக நன்றாக இருக்கிறார். அவருடைய ஏடிஎம் அட்டையும் போனும் என்னிடம் இருக்கின்றன. அம்மா உப்பைக் குறைத்துப் பத்தியச் சாப்பாடு போடுகிறார். பாளையங்கோட்டையில் பழைய ஆசிரியர் வேலைக்கே திரும்ப வேண்டும் என்கிறார் அக்கா. "நான் சிரித்தால்கூட மாத்திரையை எண்ணுகிறீர்கள்" என்று நேற்று அழுதார். நாங்கள் செய்வது தவறா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

நீங்கள் பயந்ததில் தவறில்லை. ஓராண்டாக நன்றாக இருப்பவரின் போனை இன்னும் வைத்திருக்கிறீர்களே, அது தவறு.

என் சித்தப்பாவுக்கும் இதே நோய். 'கோட்டி', அதாவது பைத்தியம், என்ற ஒற்றைச் சொல்லில் ஊர் அவரை முடித்துவிட்டது. மருந்தில் தெளிந்து பல ஆண்டுகள் நன்றாக இருந்தார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார், வீட்டுக் கணக்கெல்லாம் எழுதினார். ஆனால் ஜங்ஷனுக்குப் போக பஸ் டிக்கெட்டுக்கு ஆச்சியிடம் கைநீட்ட வேண்டும். வந்ததும் மீதிச் சில்லறையை எண்ணி வைக்க வேண்டும். கோபப்பட்டால் "திரும்பிவிட்டது" என்பார்கள். அதனால் அவர் கோபப்படுவதையே விட்டுவிட்டார். குணமாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சிரிப்பை விடுங்கள். தூக்கத்தைக் கவனியுங்கள். மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல் ஒருவர் எழுந்து நடமாடினால், பெரும்பாலும் மனஎழுச்சியின், அதாவது அக்கா தூங்காமல் பேசிச் சேலை வாங்கிக் கொடுத்த அந்த நிலையின், தொடக்கம் அதுதான். போன முறை முதலில் என்ன மாறியது என்று அக்காவையே கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது.

அம்மாவின் பத்தியத்தை உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். உடலில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறி நஞ்சாகலாம். வயிற்றுப்போக்கும், நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைவதும் அப்படித்தான். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. ரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். வேலைக்குப் போகும் பையில் ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான் வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தெளிவாக இருக்கும்போதே, நோய் முற்றினால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் யார் பேச வேண்டும் என்று ஒருவர் எழுதி வைக்கலாம். சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் திறனை அவர் இழந்திருக்கும் காலத்துக்கு மட்டுமே அது செல்லும். திறன் திரும்பியதும் முடிவும் அவரிடமே திரும்பிவிடும். எனக்கு இந்த ஒரு வரிதான் முக்கியம். உங்கள் வீட்டில் அதிகாரம் இன்னும் திரும்பவில்லை.

பணத்தை அந்தச் சட்டம் தொடாது; அதை நீங்களே பேசித் தீர்க்க வேண்டும். சேமிப்பை இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற கணக்கில் போடுங்கள். அதற்கு அக்கா சம்மதிக்க வேண்டும், தொகையையும் அவரே சொல்ல வேண்டும். சம்பளம் வரும் கணக்கு அவருடையது. அதன் அட்டை அவர் கையில் இருக்கட்டும். இரண்டு இரவு தூங்காவிட்டால் மருத்துவரிடம் போகலாம் என்று அவரே எழுதித் தந்தால், அன்று நீங்கள் கூப்பிடும்போது அது அவருடைய சொல்லாகவே இருக்கும்.

மீண்டும் நோய் வரலாம், தம்பி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் சிலருக்கு வருகிறது. வந்தால் வேலையை விட வேண்டும் என்றில்லை. விடுப்பு எடுத்துச் சரியானதும் திரும்பலாம்.

இன்றைக்கே போனைக் கொடுத்துவிடுங்கள். இந்தப் பதிலை அக்கா அதிலேயே படிக்கட்டும். நான் சொன்னதில் எது தவறு என்று அவர் எழுதினால், அந்தக் கடிதத்தையும் இங்கே வெளியிடுகிறேன்.