நகத்தில் வரைவது வேலையற்ற வேலையா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் பத்து விரல் நகத்திலும் கறுப்புப் பூசி, அதன்மேல் உயர்த்திய கைமுட்டி வரைந்துகொண்டு வந்திருக்கிறாள். அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு நடக்கும் அநீதியைக் கண்டித்தாம். இது வேலையற்ற வேலை இல்லையா?
— ஒரு தகப்பன், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேலைன்னு சொன்னதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேனுங்க. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை பிரிக்கிறவர் நகத்தைப் பார்த்திருப்பீங்க. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் நிற்கிறவர் நகத்தையும் பார்த்திருப்பீங்க, நகக்கண்ணில் ஏறின நீலம் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது, திங்கட்கிழமை அதற்கு மேலேயே அடுத்த சாயம் ஏறிவிடும். ஒருத்தர் என்ன வேலை செய்கிறார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நம்ம பக்கத்தில் பாதிப் பேர் கையைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இப்படி நகத்தைப் படிக்கிற ஊரில், ஒரு பெண் நகத்தில் எழுதினால் மட்டும் வேலையற்ற வேலையா?

நகப்பூச்சுக்கும் கறுப்பினப் பெண்களுக்கும் உள்ள சங்கதி பழசு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் நீளமாக நகம் வளர்த்து வண்ணம் பூசிக்கொண்டே ஓடினார், மூன்று தங்கம் வாங்கினார். அதே வருஷம் 100 மீட்டரை 10.49 விநாடியில் ஓடிய அவர் சாதனை இன்னும் நிற்கிறது. கறுப்புப் பெண்கள் அப்படி நகம் வைத்தால் தரக்குறைவு என்று முகம் சுளித்த கூட்டம்தான், வெள்ளைக்காரப் பெண்கள் வைத்தபோது ஃபேஷன் என்றது. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்கிற கறுப்பரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் 9 நிமிடத்துக்கு மேல் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்ற பிறகு, அந்த நகங்களில் கைமுட்டி ஏறியது, செத்தவர்களின் பெயர் ஏறியது. உங்க அம்மிணி கையில் இருப்பது அங்கிருந்து வந்தது.

இத்தனூண்டு நகத்தில் எழுதினால் யார் படிப்பார் என்று அடுத்துக் கேட்பீங்க. ஃப்ளெக்ஸ் பேனரோடு எனக்குள்ள சண்டை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் நட்டிருந்த அலங்கார வளைவால் ஒரு இளைஞர் செத்தார் என்று ஊரே கொதித்தபோது, அவரைக் கொன்றது யார் என்று சாலையிலேயே பெயிண்டில் எழுதினார்கள். ஒரே வரி, நாடு முழுக்கப் பேச்சானது. நாற்பது அடி பேனரில் கும்பிடுகிற முகத்தை யார் நின்று பார்க்கிறார்கள்?

நகத்தின் பலமே கிட்டத்தில்தான். காசு கொடுக்கும்போது, டம்ளர் வாங்கும்போது எதிராளி கண்ணில் படுவது அது. தீண்டாமையும் அந்த ஒரு முழ தூரத்தில்தானுங்க நடக்கிறது. தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955இலேயே வந்துவிட்டது, ஆனாலும் மிச்சக் காசைக் கையில் படாமல் மேலிருந்து போடுகிற கடைக்காரரை நானே பார்த்திருக்கிறேன். இரட்டைக் குவளையெல்லாம் இப்போது ஏது என்கிற டீக்கடையிலேயே சிலருக்குக் கண்ணாடி டம்ளர் வரும், சிலருக்குக் கேட்காமலே பேப்பர் கப்பு வரும். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை சுவர் விழுந்து 17 பேர் செத்தார்களே, தங்களை ஒதுக்கி வைக்கக் கட்டிய தீண்டாமைச் சுவர் என்றுதான் அந்த ஜனங்கள் அதைச் சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் அம்மிணியைத் திட்டாதீங்க. அவளிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. எட்டு விரல் அமெரிக்காவுக்கு இருக்கட்டும். கட்டைவிரல் நகத்தில்தான் இடம் அதிகம், ஒன்றில் கண்ணாடி டம்ளர், இன்னொன்றில் பேப்பர் கப்பு வரையட்டும். அப்புறம் நீங்க வழக்கமாகப் போகிற டீக்கடைக்கே கூட்டிக்கொண்டு போங்க. இது என்ன படம் அம்மிணி என்று கடைக்காரர் கேட்டால் அவளே பதில் சொல்லட்டும், சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க பக்கத்திலேயே நில்லுங்க.